சக்கரம் வராத இடம்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதிக்கத் தனகோடியை விட்டால் வேறு ஆள் இல்லை என்பார்கள். பாத்தியின் தரை கெட்டிப்பட்டிருந்தால்தான் உப்புத்தண்ணீர் கீழே இறங்காமல் நின்று காயும். அதற்குக் களிமண்ணைக் கொட்டி நாள்கணக்கில் வெறுங்காலால் மிதிக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர் கால்கள் கற்றுவைத்திருந்த வித்தை அது ஒன்றுதான்.

மனிதர் அதிகம் பேசமாட்டார். கடந்த இரண்டு வருடமாக அந்தக் கொஞ்சப் பேச்சும் போய்விட்டது. காதுக்குள் ஒரு குரல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா, சக்கரம் வரல."

அது மகள் பூங்குழலியின் குரல். பிறந்ததிலிருந்தே அவளுக்கு நடக்க வராது. பள்ளிக்கூட மைதானமோ முழுக்கக் கடல் மணல். பிள்ளைகள் ஆடுவதையாவது பார்க்கிறேன் என்று அவள் அடம்பிடிப்பாள். பூவரச மரத்தடியில் வீல்சேரை நிறுத்திவிட்டு இவர் வேலைக்குப் போவார். ஒருநாள் திடுமென்று மழை கொட்டியது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடிவிட்டார்கள். டீச்சர்களில் ஒருவரை நம்பி ஒருவர் இருந்துவிட்டார்கள், நல்ல லட்சணம். சக்கரம் புதைந்து அவள் ஒருத்தி மட்டும் நனைந்துகொண்டிருந்தாள். தனகோடிக்கு நினைப்பு வராமலில்லை. குவித்துவைத்த உப்பைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்துவிட்டார். அரை மணி நேரம்தான். போய்த் தூக்கியபோது அவள் சொன்னது அந்த மூன்று வார்த்தை. பத்தாம் நாள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. உப்பு நனையவில்லை.

அந்த மைதானத்துக்குத்தான் இந்த ஆவணியில் செயற்கைப் புல் விரிக்க வந்தார்கள். வீல்சேரில் வரும் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாட வேண்டுமாம். தரையைச் சமன் செய்ய ஆள் தேவை என்றதும் தனகோடி போய் நின்றார். சூப்பர்வைசர் கௌதமன் தெளிவாகத்தான் சொன்னார்.

"அண்ணே, மண்ண ரொம்ப இறுக்கிடாதீங்க. மழைத்தண்ணி புல்லு வழியா, ஜல்லி வழியா கீழ எறங்கிப் போவணும்."

தனகோடி தலையாட்டினார். ஆனால் பூவரச மரத்தடிக்கு வந்தபோது அவரால் முடியவில்லை. இந்த இடத்தில் இனி ஒரு சக்கரமும் புதையக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில், யாரும் பார்க்காதபோது, அளத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி மூன்று நாள் மிதித்தார். மிதிக்க மிதிக்கக் குரல் காலுக்கடியிலிருந்து வந்தது. இன்னும் ஓங்கி மிதித்தார். அதன்மேல் ஜல்லி பரப்பினார்கள், பச்சைப் புல் விரித்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த காலையில் மைதானம் முழுக்கத் தண்ணீர் வடிந்திருந்தது. மரத்தடியில் மட்டும் பாத்தி கட்டினாற்போல நின்றது. அடியில் ஜல்லி நெகிழ்ந்து பள்ளம் விழுந்ததை யார் கண்டார்கள்? கலைமதி என்ற சிறுமி ஆசையாக வீல்சேரை உருட்டிக்கொண்டு வந்து அதில் சிக்கிக்கொண்டாள். வேலியோரம் போய்க்கொண்டிருந்த தனகோடியின் காதில் விழுந்தது.

"யாராச்சும் வாங்களேன்! சக்கரம் வரல!"

இது உள்ளே கேட்கிறதா, வெளியே கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஓடினார். அவளை வாரியெடுத்தபோது, உடம்பு நனையாமல் கதகதவென்று இருந்தது. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

கௌதமன் வந்து பார்த்தார். "எப்படிண்ணே இங்க மட்டும் தண்ணி நிக்குது?"

"நான்தாம்பா களிமண்ணு போட்டு மிதிச்சேன். எம்பொண்ணு வண்டி சிக்கின எடம் இது. கெட்டியா இருந்தா சிக்காதுன்னு நெனச்சிட்டேன்."

திட்ட வாயெடுத்த கௌதமன் தனகோடியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "ஒடச்சி எடுத்துடலாம். சரியாச்சான்னு பாத்தப்புறம்தான் புள்ளைங்கள விடுவேன்."

புல்லைச் சுருட்டிவைத்து, தான் மிதித்ததைத் தானே கடப்பாரையால் உடைத்தார் தனகோடி. இரண்டு நாள் பிடித்தது. மணலும் ஜல்லியும் நிரப்பிப் புல்லை விரித்தபின் பைப்பைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் நிற்காமல் இறங்கியது.

சோதித்துப் பார்க்க வீட்டிலிருந்து மகளின் வீல்சேரைத் தள்ளிவந்தார். சக்கரத்தில் அன்றைய மணல் இன்னும் ஒட்டியிருந்தது. மனைவி ரேணுகாவை அவர் அதைக் கழுவவே விட்டதில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குத் திருப்தி இல்லை. ஆள் இல்லாத வண்டி மணலில்கூடத்தான் போகும்.

அளத்துக்குப் போய் ஒரு சாக்கில் உப்பை அள்ளினார். தராசைத் தேடவில்லை. இரு கைகளிலும் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, மறுபடி தூக்கினார். மகளைப் பதினோரு வருடம் தூக்கிய கைகளுக்கு அந்தக் கனம் தெரியும். சாக்கை வீல்சேரில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டி மரத்தடிக்குத் தள்ளினார். சக்கரம் புதையவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி தள்ளினார்.

"வருதும்மா," என்றார். காதுக்குள் பதில் குரல் எதுவும் வரவில்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது.

கௌதமன் கேட்டைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், கலைமதி முதல் ஆளாக. தனகோடி சாக்கின் பெல்ட்டைக் கழற்றினார். எந்த மூட்டையையும் தோளில் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். இதை மட்டும் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். தூறல் விழுந்தது. சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.