நான் வெளுத்த நகங்கள்

உதியன்குளங்கரை சந்திப்பில் பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை இந்த வேலையில் என்னை அடிக்க ஆளில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் கரையான் தின்ற ஒரு படத்தோடு வந்து பார்க்கலாம்.

உலகச் சரித்திரம் நடத்தியபோது பள்ளிக்கூடத்தில் தூங்கியவன் நான். படித்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டக்காரர் ஒருவரின் தாத்தா, இலங்கைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்பார். தனுவச்சபுரத்துப் பட்டாளக்காரர் ஒருவர் பேரீச்சை மரத்தடியில் நிற்பார். பின்பக்கம் பாஸ்ரா, ஈராக் என்று எழுதியிருக்கும். ஊரைவிட்டே போகாதவர்கள்கூடச் சீமையில்தான் நிற்பார்கள். ஸ்டுடியோ திரைச்சீலையில் யாரோ ஓர் ஓவியர் மாளிகை, படிக்கட்டு, அன்னம் நீந்தும் குளம் எல்லாம் வரைந்திருப்பார். அதன் முன்னால் வெறுங்காலோடு நம் ஆள். அன்றைக்கு உலகத்தை ஆண்டது யார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சீலைதான்.

போன மாதம் சிஸ்டர் வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், எண்பதைத் தாண்டியும் தனியாகப் பஸ் ஏறுகிறவர். யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் படங்களை அவருடைய கிறிஸ்தவ சபையில் மாட்டப்போகிறார்களாம். அவர் அப்பா போனது பர்மாவுக்கு. படத்தில் அம்மா நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் நாலு வயது சிஸ்டர். பின்னால் கோட்டு போட்ட அப்பா, மகளின் தோளில் கை வைத்தபடி.

“மக்கா, பாழாக்கிப்போடாதே. அப்பனுக்க படம் வேற கெடையாது.”

“பேடிக்காண்டாம் சிஸ்டர். ஆருட்ட தந்திருக்கியன்னு நெனைக்கிய?”

பெரிதாக்கியதுமே அப்பாவின் கழுத்தில் கத்தரி போன தடம் தெரிந்தது. ஒட்டுத் தலை. எனக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பப் படங்களில் ஆள் குறையக்கூடாது. தூரதேசத்தில் இருப்பவரின், சில சமயம் இறந்தே போனவரின் தலையை வெட்டி, வேறொருவர் உடம்பில் ஒட்டி, மறுபடியும் படம் பிடித்துவிடுவார்கள். கழுத்துத் தடத்தை மறைத்தேன். தோளில் இருந்த கையில் நகங்கள் கறுத்திருந்தன. பூஞ்சை என்று முடிவு கட்டி, அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளுத்தேன். அவ்வளவு நல்ல நகங்களை அதுவரை நான் செய்ததில்லை.

சிஸ்டர் மறுபடி வந்து, திரையில் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரல் தோளுக்குப் போய் நின்றது.

“நகத்துக்க கறுப்பு எங்க?”

“அழுக்காக்கும் சிஸ்டர். எடுத்தாச்சு.”

“எலே, அது அழுக்கில்ல. படக்காரருக்க நகமாக்கும்.”

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. படம் கழுவும் மருந்தில் நாள் முழுக்கக் கைவிட்டால் நகம் கறுக்கும். என் அப்பாவும் ஸ்டுடியோக்காரர்தான். அவர் சோறு பிசைந்த கையில் அந்தக் கறுப்பைத் தினமும் பார்த்து வளர்ந்த நான்தான் பூஞ்சை என்று வெளுத்திருக்கிறேன்.

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அப்பன் போகும்போ நான் அம்மைக்க வயித்துல. பொறவு வந்தது சாவு சேதி மட்டுந்தான். அம்மைக்கு மூணுபேரும் நிக்க படம் வேணும். உடம்புக்கு ஆளில்லாம படக்காரரே கோட்டைப் போட்டுட்டு வந்து நின்னாரு. காமிராவை அவருக்க தம்பி அமுக்கினாரு. நான் ஒரே அழுகை. தோளுல கையை வச்சு, ‘கரையாதே மக்கா, அப்பன் உண்டு’ன்னு சொன்னாரு. இப்பவும் எனக்கு ஓர்மை உண்டு.”

நான் அந்தக் கையைத் திரையில் பெரிதாக்கினேன்.

“அப்பனுக்க மொகத்தை நான் படத்துல கண்டதோட சரி. இந்தக் கை என்னைத் தொட்ட கையாக்கும். சபையில மாட்டும்போ எனக்கு ரெண்டும் வேணும்.”

“தப்பு எனக்கதுதான் சிஸ்டர். இப்பவே சரியாக்கித் தாறேன்.”

நல்லவேளை, தொடாத பிரதி கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்து எடுத்து ஒவ்வொரு நகமாகத் திரும்ப வைத்தேன். சிஸ்டர் கண்ணெடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நகமும் கறுத்ததும் தன் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

“ஆங், இப்பம் அப்பன் வந்தாச்சு” என்றார்.