போன் வழியே வந்த சளி

சித்தப்பாவின் கல்யாணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யார் பேச்செடுத்தாலும், அது கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும். அது தொண்ணூற்று நான்காம் வருடம். நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வடக்கே சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்ததும், கோயமுத்தூர் கணபதியில் எங்கள் தெருவில் எலிப்பொறி வாங்காத வீடே இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வளைகுடா நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்திவிட்டன. துபாயில் மாமாவோடு இருந்த அத்தை, ஐப்பசியில் வைத்திருந்த தம்பியின் கல்யாணத்துக்கு வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

வேறு யார் வராவிட்டாலும் சமாளித்திருப்போம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையோடு அவருடைய கூடப்பிறந்தவள் நின்று செய்யும் சீர். கூறைச்சேலையின் ஒரு முனை இவர் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்கும். தாயில்லாப் பிள்ளையாகிப்போன சித்தப்பாவை இடுப்பில் தூக்கிச் சோறூட்டி வளர்த்தது அத்தைதான்.

"அக்கா வராம எனக்கு இணைச்சீரும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாமுங்ணா" என்று அப்பாவிடம் சித்தப்பா அடம்பிடித்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டு போனில் அத்தையே கூப்பிட்டுத் தம்பியைக் கண்டித்தார். "தேதிய மாத்திப்போடாதடா கண்ணு, பொண்ணு ஊட்டுல சங்கடப்படுவாங்க. வெள்ளகோவில் பெரியப்பா மகளை நிக்க வெச்சுக்கோ." சித்தப்பா அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஆனால் இணைச்சீர் நடக்கும்போது அத்தை போனிலாவது இருக்க வேண்டும் என்றார்.

காங்கேயத்துக் கல்யாண மண்டபத்தில் போன் இருந்தது மேனேஜர் அறையில். அங்கிருந்து ஜன்னல் வழியாக மேடை தெரியும். போன் ஒயர் மேடைக்கு எட்டாது. பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வேலை. வேலையில்லாமல் பட்டுப்பாவாடையோடு திரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா என்னை மேஜைமேல் உட்காரவைத்து ரிசீவரைக் கையில் கொடுத்தார். "நடக்கறத அப்படியே அத்தைக்குச் சொல்லு கண்ணு."

துபாயில் இன்னும் விடியக்கூட இல்லை. நான் ரேடியோவில் கிரிக்கெட் சொல்பவரைப் போல ஆரம்பித்தேன். சித்தப்பா தலையில் உருமால் கட்டியிருக்கிறார், வெள்ளகோவில் அத்தை மேடையேறிவிட்டார், சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் சேலையை எடுத்துவிட்டார். முதலில் "அப்புறம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை, சேலை முனையை வெள்ளகோவில் அத்தை கையில் கொடுத்தார்கள் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நிற்காமல் கேட்டது.

நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். "அப்பா! அத்தைக்குச் சளி புடிச்சிருக்குது!"

சளி, காய்ச்சல் என்றாலே ஊர் நடுங்கிய நேரம் அது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அருமைக்காரரின் கை அப்படியே நின்றது. நம்மைப் பார்த்து அந்த நாடே பயந்து கதவைச் சாத்தியிருக்க, இங்கே போனில் வந்த சளிக்கு ஒரு மண்டபமே பயந்தது. சித்தப்பா சேலை முனையை விட்டுவிட்டு இறங்கப்போனார்.

அதற்குள் அப்பா ஓடிவந்து ரிசீவரைப் பிடுங்கினார். "ஏன் அம்மணி, உடம்புக்கு என்ன?" என்று தங்கையிடம் கேட்டவர், ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க, வெறும் சளிதான். நீங்க சீரை நடத்துங்க."

சொல்லிவிட்டு அப்பாவும் மூக்கை உறிஞ்சினார். எனக்குத் திக்கென்றது. மேடையைப் பார்த்தேன். சேலை முனையைத் திரும்பப் பிடித்திருந்த சித்தப்பா, தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தச் சளி விமானத்துக்காகவெல்லாம் காத்திருக்காது, ஒயரிலேயே வந்துவிடும் என்று எனக்குப் புரிந்துபோனது. கை கழுவும் இடத்துக்கு ஓடி, போனை வைத்திருந்த காதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

காதும் ஜடையும் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து அம்மா பதறினார். நான் விஷயத்தைச் சொன்னேன். அத்தைக்கு வந்தது, அப்பாவுக்கு வந்தது, சித்தப்பாவுக்கும் வந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா என்னை இழுத்து அணைத்து முந்தானையால் காதைத் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே அவரும் மூக்கை உறிஞ்சினார்.

நான் கையை உதறிக்கொண்டு மறுபடியும் குழாயடிக்கு ஓடினேன்.