வளைகோட்டுக்கு வெளியே வைத்த பந்து

ஃபின்டன் ஹெஸ்லின் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். அவருடைய வெள்ளை வேனில் எப்போதும் காளை விந்தை உறையவைத்த ஒரு நைட்ரஜன் குடுவை, தோள் வரை ஏறும் கையுறைகள், ஒரு வாளி, சேறு காயாத ரப்பர் பூட்ஸ் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் மாடு வைத்திருக்கும் எல்லோருடைய கொட்டிலும் அவருக்குத் தெரியும். மாவட்டக் கால்பந்து அணியின் முன்வரிசையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆடுகிறவரும் அவரேதான். கேலிக் கால்பந்து என்ற இந்த அயர்லாந்து ஆட்டத்தை ஆடுவதற்கு இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பல்லாயிரம் பேர் முன்னால் ஓடியவர், திங்கட்கிழமை காலையில் யாரோ ஒருவருடைய பசுவுக்குள் முழங்கைக்கு மேல் கையை விட்டபடி நின்றுகொண்டிருப்பார். அவரைப் பற்றி நினைப்பதை முகத்துக்கு நேரே சொல்ல அதைவிட நல்ல நேரம் அமையாது. அவரால் நகரக்கூட முடியாது.

சென்ற ஆண்டு அப்படிச் சொல்ல நிறைய இருந்தது. மாகாண அரையிறுதியின் கடைசி நிமிடத்தில், கம்பத்துக்கு நேர் எதிரே, மிக அருகில் கிடைத்த ஃப்ரீ கிக்கை ஃபின்டன் வெளியே அடித்துவிட்டார். எங்கள் ஆட்டத்தில் கோல் கம்பங்கள் மேலே நீண்டிருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் ஒரு பாயிண்ட். கீழே வலைக்குள் போனால் கோல், அது மூன்று பாயிண்டுக்குச் சமம். அன்று தேவைப்பட்டது ஒரே ஒரு பாயிண்ட். பள்ளிப் பிள்ளைகள் அடிக்கும் தூரம் அது. எங்கள் தலைமுறை மாகாணக் கோப்பையைக் கண்ணால் கண்டதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தவறின் எடை விளங்கும்.

என் பக்கத்துப் பண்ணைக்காரர் மாலக்கி கில்ரேன் அதை மறக்கிறவர் இல்லை. ஃபின்டனின் வேன் வரும்போதெல்லாம் கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

"பாத்து வா தம்பி. ரெண்டு பக்கமும் தூண் இருக்கு. நடுவுலதான் உள்ள வரணும்."

"வந்துட்டேன்ல, மாலக்கி."

"வேன் வந்துருச்சு. எனக்கு வேன் மேல எப்பவும் நம்பிக்கை உண்டு."

ஃபின்டன் சிரிப்பார். எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. சிரிக்கிறவனுக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

இந்த ஆண்டு புதிய பயிற்சியாளராக எண்டா டை வந்தார். சிமென்ட், ஆணி, மரப்பலகை விற்கும் கடைக்காரர். எதையும் அளந்துதான் பேசுவார். விதிகளும் புதிதாக மாறியிருந்தன. கோலிலிருந்து நாற்பது மீட்டரில் ஒரு வளைகோடு போட்டு, அதற்கு வெளியே இருந்து அடித்துக் கம்பிக்கு மேலே அனுப்பினால் இரண்டு பாயிண்ட் என்று வைத்துவிட்டார்கள். ஜனவரி மாதம், முதல் பயிற்சியிலேயே எண்டா முடிவு சொன்னார். அருகில் கிடைக்கும் ஃப்ரீ கிக்குகளை ரூரி மெக்கீயன் என்ற கல்லூரி மாணவன் அடிப்பான். வளைகோட்டுக்கு வெளியே இருப்பவை ஃபின்டனுக்கு. காரணம் யாரும் கேட்கவில்லை. ஃபின்டன் தலையசைத்துவிட்டுப் பந்துகளைப் பொறுக்கப் போனார்.

அந்த ஏற்பாடு பலித்தது. குளிர்கால லீக்கில் முதல் இரண்டு ஆட்டங்களைச் சேற்றில் தோற்றோம்; அதன் பிறகு தோற்கவே இல்லை. ஆலங்கட்டி மழையிலும் பக்கவாட்டுக் காற்றிலும் ஃபின்டன் தூரத்திலிருந்து அடித்தவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. இரண்டு பாயிண்டுக்கு ஆரஞ்சுக் கொடி அசைப்பார்கள். அந்த நிறத்தில் துணி வாங்கி எங்கள் ஊர்க் கடைவீதி முழுக்கக் கட்டினார்கள். பக்கத்து ஊரிலிருந்து அடித்தால் போடுவான், வாசலில் நின்று அடித்தால் போடமாட்டான் என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதிலும் ஒரு பெருமை கலந்திருந்தது. ஆனால் அருகிலிருந்து ஒரு பந்தைக்கூட அவர் அந்தப் பருவம் முழுவதும் தொடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மே மாதத்தில் மாகாண இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பெரிய மாவட்டம், கோப்பையைத் தங்கள் வீட்டுப் பாத்திரம்போல் நினைக்கிறவர்கள். மே மாதம்தான் சினை ஊசிக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதமும். இறுதி ஆட்டத்தன்று காலை மாலக்கியின் பசு ஒன்று சினைக்குக் கத்த ஆரம்பித்தது. அன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மாலக்கி தொலைபேசியைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். பசு மூன்று வாரத்தில் மறுபடியும் கேட்கும், கோப்பை அப்படிக் கேட்காது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் யாருக்காகவும் ஒரு நாள் பாலை விட்டுக்கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆட்டம் நெருக்கமாகவே நடந்தது. இரண்டாம் பாதியில் ரூரி தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். மாற்று வீரர்கள் அனைவரும் இறங்கிவிட்டார்கள். களத்தில் மூன்று பேர் தசை இழுத்து நொண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். அப்போது மைதானத்தின் நடுவில், எங்கள் வீரர் ஒருவரைத் தள்ளியதற்காக ஃப்ரீ கிக் கிடைத்தது. நேராக அடித்து எட்டும் தூரம் இல்லை. கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

முடிக்கவிடாமல் செய்தவர் அக்கரை அணியின் நடுக்கள வீரர். தவறு செய்தவுடன் பந்தை உடனே கொடுக்காமல் இரண்டடி கொண்டுபோய் எங்காவது போட்டுவிடுவது இங்கே பத்து வயதிலேயே கைக்கு வந்துவிடும் பழக்கம். தங்கள் தற்காப்பு வரிசை நின்றுகொள்ள அவகாசம் கிடைக்கும். புதிய விதி அதைத் தடுத்துவிட்டது: பந்தை எதிராளியின் கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீ கிக் ஐம்பது மீட்டர் முன்னே போகும். குளிர்காலம் முழுக்க எல்லா அணிகளும் பந்தைத் தாம்பூலத் தட்டுபோல் நீட்டப் பழகியிருந்தன. அந்த மனிதரும் பழகியிருப்பார். ஆனால் கை பழைய காலத்திலேயே இருந்தது. பந்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டார். எறிந்த அடுத்த கணமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

நடுவர் கையை உயர்த்தி முன்னே நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். அவர் நின்ற இடம், கம்பத்துக்கு நேர் எதிரே, பதினைந்து மீட்டர் தூரம். சென்ற ஆண்டு பந்து இருந்த இடம் ஏறக்குறைய அதுவே. நேரம் முடிந்ததற்கான சங்கும் ஊதியது. இனி இந்த ஒரு உதைதான்.

அங்கிருந்து கம்பிக்கு மேலே அடித்தால் சமன், கூடுதல் நேரம் ஆடலாம். ஆனால் இப்படி முன்னே கொண்டுவரப்பட்ட பந்தை, வேண்டுமென்றால் வளைகோட்டுக்கு வெளியே எடுத்துப் போய் இரண்டு பாயிண்டுக்கு அடிக்கலாம் என்றும் விதி இருக்கிறது. எண்டா கோட்டோரத்தில் ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்று போதும், ஒன்று.

ஃபின்டன் பந்தை எடுத்தார். கோலைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அவருடைய தாயார் கார்மெல், மகன் உதைக்கும்போது பார்க்கிற வழக்கமே இல்லாதவர், இருக்கைகளுக்குக் கீழே தேநீர்க் கடை ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அந்த முனகலைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி, கைப்பையை மூடிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடந்துவிட்டார். மாலக்கி என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். "இவனுக்குப் பைத்தியம்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

ஃபின்டன் பந்தை வளைகோட்டுக்கு ஒரு முழம் வெளியே வைத்தார். பின்னே போனார், வந்தார், அடித்தார். பந்து முதலில் வலது கம்பத்தை நோக்கிப் போனது. காற்று அதை நடுவுக்குத் தள்ளியது, அல்லது அவர் காற்றை நம்பி அடித்திருந்தார். கம்பத்தருகே வெள்ளை மேலங்கியில் நின்ற துணை நடுவர் குனிந்து எடுத்த கொடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. மாலக்கி என்னைத் தூக்கினார், நான் அவரைவிடக் கனமானவன். மக்கள் புல்தரைக்குள் இறங்கினார்கள். கார்மெல் திரும்பி ஓடிவந்து, வழியில் நின்ற காவலரிடம் யார் ஜெயித்தது என்று கேட்டாராம். அன்று மாலை எங்கள் மாவட்ட எல்லைப் பாலத்தில் பேருந்து நின்றது. வீரர்கள் கீழே இறங்கிக் கோப்பையுடன் நடந்தே பாலத்தைக் கடந்தார்கள். சாலையின் இருபுறமும் பீப்பாய்களில் நிலக்கரித் துண்டுகள் எரிந்தன. முதியவர்கள் மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து தார்ச்சாலையிலேயே போட்டு அமர்ந்திருந்தார்கள். நான் கூட்டங்களை நம்பாதவன். அன்று கூட்டத்தில் நின்றேன், அழுதேன் என்பதும் உண்மை.

செய்தித்தாள்கள் துணிச்சல் என்று எழுதின. கூடுதல் நேரத்தில் நொண்டும் அணி நிற்காது என்று கணக்குப் போட்ட கூர்மையை வானொலி புகழ்ந்தது. மூன்று வாரம் கழித்து மாலக்கியின் பசு மறுபடியும் கத்தியது. நான் கொட்டிலின் கதவைப் பிடித்திருந்தேன், மாலக்கி வாலைப் பிடித்திருந்தார். எதற்காகப் பின்னால் போனாய் என்று மாலக்கி கேட்டார்.

ஃபின்டன் வேலையை முடித்துக் கையுறையை உருவினார்.

"கிட்ட நின்னு பாத்தேன், கால் நடுங்கிச்சு. தூரமா போனா நடுங்காதுன்னு தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப அது துணிச்சல் இல்லையா?"

"பயந்து ஓடினேன், மாலக்கி. ஓடின திசை நல்லதா அமைஞ்சிருச்சு."

மாலக்கி பசுவைத் தடவிக்கொடுத்தார். "இத வேற எங்கயும் சொல்லி வைக்காத" என்றார். அன்று வேன் வெளியே போகும்போது தூண்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாகாணங்களைத் தாண்டி நாடு முழுவதற்குமான அகில அயர்லாந்துச் சுற்றில் எங்கள் அடுத்த ஆட்டம் ஒரு பெரிய அணியோடு. ரூரியின் தொடை இன்னும் ஆறவில்லை. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் கம்பத்துக்கு எதிரே, மிக அருகில், ஃப்ரீ கிக். பின்னால் எடுத்துப்போக விதி இடம் தராத சாதாரண ஃப்ரீ கிக். அடிக்க வேறு ஆளும் இருந்தார்கள். எண்டா ஒருவரை அனுப்பவும் செய்தார். ஃபின்டன் அவரைக் கையசைத்துத் திருப்பி அனுப்பிவிட்டுப் பந்தின் முன் நின்றார். கால்சராயில் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு முறை.

பந்து குறுக்குக் கம்பிக்குச் சற்று மேலே, நடுவில் போனது. சாதாரண வெள்ளைக் கொடி, ஒரு பாயிண்ட். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் இருந்த மூலை முழுவதும் எழுந்து நின்று, கோப்பை வாங்கிய நாளைப்போல முழங்கியது. எதிரணி ரசிகர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் எழுந்து கைதட்டினேன். துணிச்சல் என்ற சொல்லை இதற்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஃபின்டன் அதற்குள் தன் இடத்துக்கு ஓடிப்போய், அடுத்த பந்துக்காகக் குனிந்து நின்றிருந்தார்.