தை மாதம் வரை விற்கக்கூடாத வாட்ச்

வாட்ச் கடைக்கு வருகிற யாரும் வாட்ச் கேட்பதில்லை. மைத்துனர் கையில் கட்டியிருப்பதைத்தான் கேட்பார்கள். அந்த மைத்துனர் எப்போதும் சிங்கப்பூரிலிருந்து வந்தவராக இருப்பார். அவருடைய வாட்சின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. "வெள்ளையா, வட்டமா இருக்கும்" என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். வெள்ளையாகவும் வட்டமாகவும் இல்லாத வாட்ச் உலகத்தில் மிகக் குறைவு என்பதை, திருச்சி பெரிய கடைவீதியில் பதினோரு வருஷம் நின்றுகொண்டே விளக்கியவன் நான்.

கையில் இருக்கிற பணத்துக்குள் ஒரு நல்ல வாட்ச், அதுவும் முதல் வாட்ச், வாங்கப் போய் அவஸ்தைப்பட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்டதை இந்தப் பக்கம் நான் பட்டேன். என் உபதேசம் சுருக்கமானது. முலாம் வேண்டாம், ஸ்டீல் கூடு போதும். முகத்தில் அலங்காரம் குறைவாக இருக்கட்டும். உள்ளே பதினேழு கல் இருந்தால் தாராளம். அந்தக் கல் அழகுக்கு அல்ல, சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்கு. தோல் பட்டைக்கும், இரண்டு வருஷம் கழித்து எண்ணெய் போடுவதற்கும் கொஞ்சம் பணம் மிச்சம் வையுங்கள். அவ்வளவுதான். ஆனால் நூலகத்தில் கடிகாரத்தின் சரித்திரத்தை இரண்டு முறை படித்தவன் என்பதால், இதற்கு முன்னுரையாக நான் நீர்க் கடிகாரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். மணல் கடிகாரம் வருவதற்குள் பெரும்பாலோர் பக்கத்துப் பாத்திரக் கடைக்குப் போய்விடுவார்கள்.

அறுபதுகளின் நடுவில், வெளிநாட்டு வாட்ச் வரத்து அநேகமாக நின்றுபோன சமயம். என் உபதேசத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும் சுவிஸ் வாட்ச் எங்கள் கடையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. விலை நூற்று முப்பத்தைந்து ரூபாய். அதை விற்காமல் இருக்க நான் பட்ட பாடு, அதற்கு முன்னும் பின்னும் எந்த வாட்சை விற்கவும் நான் பட்டதில்லை.

மூன்று மந்திரம், ஒரு நிமிஷம்

தீபாவளி முடிந்த வாரம் சகாயமேரி என்ற பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் பழக்கதோஷத்தில் லேடீஸ் வாட்ச் தட்டை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. "இதுல எதுலயும் செகண்டு முள் இல்லைங்களே சார்" என்றாள். உண்மைதான். பெண்களுக்கு மணியும் நிமிஷமும் போதும், விநாடி எதற்கு என்று சுவிட்சர்லாந்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். நடுவில் நீளமான செகண்டு முள் உள்ள ஆண்கள் வாட்சில் மலிவானது அந்த நூற்று முப்பத்தைந்து ரூபாய் வாட்ச்தான். அதற்கு அடுத்தது இருநூற்றுப் பத்து. அவளிடம் எழுபது இருந்தது. மிச்சத்தைத் தை மாதச் சம்பளத்துக்குள் சேர்த்துவிடுவேன், அதுவரை எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டாள்.

முதலாளியிடம் அந்தப் பேச்சே நடக்காது. முன்பணம் வாங்குவதோ, ஒருவருக்காகச் சரக்கை எடுத்து வைப்பதோ அவருக்கு ஆகாது. "தைக்கு என்ன அவசரம்?" என்று அவளிடம் கேட்டேன். வார்டுச் சுவர்க் கடிகாரத்தில் செகண்டு முள் கிடையாது. இப்போதைக்குக் கூட வேலை பார்க்கும் தோழியின் வாட்சை வைத்து நாடி பார்க்கிறாள். தோழிக்குத் தை மாதம் கல்யாணம். அவளோடு வாட்சும் மதுரைக்குப் போய்விடும். அதற்கு முன்பெல்லாம் என்ன செய்தாய் என்றேன். மாதாவை வேண்டிச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை நிதானமாக மூன்று தடவை சொன்னால் சரியாக ஒரு நிமிஷமாம். அப்படி எண்ணித்தான், கடும் காய்ச்சல்காரர் ஒருவருக்கு நாடி எண்பது என்று எழுதி, டாக்டரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை தப்பு வந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டாராம். மந்திரத்தில் எப்படித் தப்பு வரும் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "மனசு பயந்த நாள்ல மந்திரம் வேகமா ஓடிடுதுங்க சார். அன்னைக்கு எல்லா நோயாளிக்கும் நாடி குறைஞ்சிடுது."

முசிறி மாப்பிள்ளைக்கு

நான் அவளுக்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவள் போனதும் அந்த வாட்சை எடுத்துப் பெட்டியின் பின்வரிசையில் ஒரு டைம்பீசுக்குப் பின்னால் வைத்தேன், அவ்வளவுதான். கார்த்திகை முகூர்த்தத்துக்கு முன்னால் முசிறியிலிருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர் வந்தார். காந்தி மார்க்கெட்டில் தார் இறக்கிவிட்டு நேரே வந்த மனிதர்; தோள் துண்டில் வாழைக் கறை. மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வாட்ச் போட வேண்டும், நூற்றைம்பதுக்குள் முடியணும். நியாயமாக நான் என் உபதேசத்தைச் செய்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் அந்த ஸ்டீல் வாட்சோடு போயிருப்பார். அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக என் கொள்கைக்கு விரோதமாக, செகண்டு முள்கூட இல்லாத ஒரு முலாம் பூசிய வாட்சைப் புகழ்ந்தேன். தள்ளுகிற சரக்கை யாரும் வாங்குவதில்லை. அவர் கண் நேராக டைம்பீசுக்குப் பின்னால் போயிற்று. "அதென்னங்க, அங்க ஒளிஞ்சு உக்காந்திருக்கு? அதை எடுங்க."

இரண்டையும் எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல வாட்சுக்குச் சத்தம் குறைவு. முலாம் வாட்சோ நெல் குத்துகிற மாதிரி அடித்துக்கொண்டது. ஸ்டீலைக் காதிலிருந்து எடுத்து, "இது சாப்பிடலையாட்டம் இருக்கே" என்றார். முலாம் வாட்சே முடிவாயிற்று. பட்டை மாட்டிக் கொடுக்கும்போது என் மனசாட்சி சும்மா இருக்கவில்லை. "ஐயா, பொய் சொல்ல மாட்டேன். இந்த முலாம் மூணு வருஷத்துல வெளுத்துடும்" என்றேன். அவர் வாட்ச் பெட்டியைத் துண்டில் முடிந்துகொண்டே சொன்னார்: "அதுக்குள்ள அவரும் பழைய மாப்பிள்ளை ஆயிடுவாருங்க."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

மார்கழி பிறந்த பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சுவாமி வந்தார். கோயில் கைங்கரியக் குடும்பம். பையனுக்கு ரயில்வேயில் உத்தியோகம் ஆகியிருந்தது. "ஆடம்பரமே கூடாது, சாத்விகமா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பார்த்த மாத்திரத்தில் அந்த ஸ்டீல் வாட்சைத் தொட்டார். இடுப்பிலிருந்து பணமும் வந்துவிட்டது. நான் தோற்றேன் என்று நினைத்தபோது அவரே என்னைக் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். "இப்போ மணி என்ன ஓய்?" என்று நிமிர்ந்து எங்கள் சுவரைப் பார்த்தார்.

எங்கள் சுவரில் ஒன்பது கடிகாரங்கள். ஒன்பதும் ஒன்பது அபிப்பிராயம் சொல்லும். சுவாமி யோசித்தார். எது சரி என்று தெரியாத நிலையில், ஒன்பதும் பன்னிரண்டைத் தாண்டிய பிறகு பணம் கொடுப்பதே உத்தமம் என்று தீர்மானித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தர்க்கரீதியாக அவர் முடிவில் குற்றமே சொல்ல முடியாது. எட்டு கடிகாரங்கள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு அடித்து ஓய்ந்தன. ஒன்பதாவது மட்டும் முந்தின ராத்திரியிலிருந்து பதினொன்று இருபதில் நின்றிருந்தது. அதற்குச் சாவி கொடுப்பது என் வேலை. அன்று எனக்கு நிறைய வேறு வேலை இருந்தது. ஒரு மணி வரை பார்த்தார். வீட்டில் திருவாராதனம் காத்திருக்கிறது, பெருமாளுக்குத் தளிகை காட்டாமல் யாரும் வாயில் ஒன்றும் போட முடியாது. எழுந்து உத்தரீயத்தை உதறிப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் பையனே வந்து வேறொன்று நல்லதாக வாங்கிப் போனான், அதில் எனக்கு நிம்மதி. ஆனால் சுவாமி அன்று படி இறங்கும்போது கேட்டுவிட்டுத்தான் போனார்: "இத்தனை கடியாரம் வெச்சிண்டிருக்கேள், ஒரு மணி கெடையாதா ஓய் உம்ம கடைல?"

கைலாசபுரத்து நிபுணர்

தை பிறந்து, சம்பள நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாய்லர் தொழிற்சாலையின் கைலாசபுரம் குடியிருப்பிலிருந்து ஒரு இளம் என்ஜினீயர் வந்தார். இவரிடம் சத்தமும் பலிக்காது, ராகுகாலமும் பலிக்காது. நான் நீர்க் கடிகாரம் என்று ஆரம்பித்தேன். அவர் மணல் கடிகாரத்தையும் தாண்டி ஊசல் கடிகாரத்தில் என்னை வந்து சந்தித்தார். பதினோரு வருஷத்தில் என் முன்னுரையை முழுதாகக் கேட்ட ஒரே ஆள். இப்படி ஒருவருக்கு அந்த வாட்சைக் கொடுக்க முடியாமல் போகிறதே என்று எனக்கே வருத்தமாக இருந்தது. டைம்பீசுக்குப் பின்னால் இருந்ததை அவரே கண்டுபிடித்து, நாளைக்குப் பணத்தோடு வருகிறேன் என்று போனார்.

எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தவர் காதர் பாய். விஷயத்தை அவரிடம் சொன்னேன். ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார், தலையை ஆட்டினார். மறுநாள் காலை அந்த வாட்ச் ரிப்பேர் சீட்டு கட்டிக்கொண்டு அவர் இழுப்பறையில் இருந்தது. என்ஜினீயரிடம் பாலன்ஸ் சக்கரத்தில் கோளாறு என்றேன். நினைத்தபடி எல்லாம் நடந்தது, முதலாளி அதைக் காதில் வாங்கும் வரை. "புதுச் சரக்குலயா? சரி, பிரிச்ச வாட்ச்னு சொல்லி நூத்திப் பத்துக்குத் தள்ளிவிடு" என்றார். என்ஜினீயருக்கு முகம் மலர்ந்தது. "ரிப்பேர் முடிச்சு வைங்க. சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன்." விற்கக்கூடாத வாட்சின் விலையை இருபத்தைந்து ரூபாய் குறைத்ததுதான் என் சாமர்த்தியத்தின் மொத்தப் பலன். காதர் பாய் அவர் போகிற வரை காத்திருந்து பெருமூச்சு விட்டார்: "நாப்பது வருஷமா கெட்ட வாட்சை நல்லதுன்னு சொல்லியிருக்கேன் தம்பி. நல்ல வாட்சைக் கெட்டதுன்னு சொன்னது இன்னைக்குத்தான். அல்லா எந்தக் கணக்குல எழுதுவானோ!"

கோளாறு என்ன?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகாயமேரி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, வெள்ளை உடுப்போடு. கையில் நூற்று முப்பத்தைந்து ரூபாய் இருந்த கவர். என் கெட்ட காலம், முதலாளியே பெட்டியருகில் நின்றிருந்தார். அவள் கேட்ட வாட்ச் எது என்று தெரிந்ததும், என்ஜினீயரின் சனிக்கிழமைக்காகக் காத்திருக்காமல், "அதுவாம்மா? உனக்கு அதிர்ஷ்டம். ரிப்பேர் பார்த்தது, நூத்திப் பத்து குடு போதும்" என்று எடுத்து வைத்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "ரிப்பேர் பார்த்ததா? வேண்டாங்க ஐயா. நான் இதை வச்சுத்தான் நாடி பார்க்கணும். நாளைக்குத் தப்பு வந்தா, அது வாட்சுனால வந்துச்சா என்னால வந்துச்சான்னே தெரியாது." பிறகு, "என்ன கோளாறு இருந்துச்சு?" என்று கேட்டாள். முதலாளி காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் தன் ஒற்றைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

மூன்று மாதம் காப்பாற்றியதை அவள் கண் முன்னாலேயே கெடுத்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "கோளாறே இல்லை. இவங்களுக்காக நான்தான் சீட்டு கட்டி வச்சேன்" என்றேன். முதலாளி கண்ணாடிப் பெட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "என் கடையில, என் சரக்கை, எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சியா? நாளையிலேருந்து நீ முதலாளி, நான் வெளிய நின்னு கூவறேன், சரியா? நூத்தி முப்பத்தஞ்சு! ஒரு பைசா குறையாது!" சகாயமேரி அசையவில்லை. "நூத்தி முப்பத்தஞ்சே தர்றேங்க. சோதிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்" என்றாள். சொல்லிக்கொண்டே, பெட்டியின் மேல் இருந்த முதலாளியின் கையைத் திருப்பி மூன்று விரலை வைத்தாள்.

நாடியை வைத்து வாட்சைச் சோதிப்பது விஞ்ஞானப்படி தவறு. செகண்டு முள் ஒரு முழுச் சுற்று வந்தது. அவள் கண் முள்ளிலேயே இருந்தது. உதடு ஒரு தடவைகூட அசையவில்லை. "தெளிவாத் தெரியுதுங்க சார், இது போதும்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு அவரிடம், "நூத்தி எட்டு இருக்குங்க ஐயா. கொஞ்சம் அதிகம்தான். உக்காருங்க" என்றாள். முதலாளி உட்கார்ந்தார். அவள் கவரை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு, வேறு யாருடைய குரலோ என்று நினைக்கும்படி மெதுவாகச் சொன்னார்: "பணம் கிடக்கட்டும்மா. இன்னொரு தடவை எண்ணிப் பாரு."

பதினோரு வருஷத்தில், விற்றுப்போன வாட்ச் இன்னும் ஒரு நிமிஷம் கடையில் இருக்கட்டும் என்று எங்கள் முதலாளி கெஞ்சிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.