சட்டைப் பையில் பியூஸ் கட்டை

எங்கள் தொழிலில் தப்புச் செய்தவனைக் கூப்பிட்டுக் கண்டிக்க முடியாது. பல சமயம் ஆளே இருக்கமாட்டான். ஒரு தடவையாவது ஷாக் அடித்துக் கையை உதறிய அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சண்டையில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், செந்தூல் பட்டறை ஒன்றில் புது ஆட்களுக்கு வயரிங் பழக்கிச் செய்முறைத் தேர்வுக்குத் தயார் செய்வது என் வேலை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

முடிவெட்டுக் கடையிலிருந்து வந்தவர்

என்னிடம் வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் என்னைவிட மூத்தவர்கள். தேர்வில் தேறினால் முத்திரை குத்திய சீட்டு கிடைக்கும். சீட்டு இருப்பவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போகமாட்டார்கள். இல்லாதவனைக் கண்ட இடத்தில் லோரியில் ஏற்றிவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டுக் கடை வைத்திருந்த ஆறுமுகம் அண்ணனுக்கு நாற்பது வயதுக்கு மேல், மூன்று பெண் பிள்ளைகள். "இந்த வயசில எதுக்குண்ணே வயரிங்?" என்று கேட்டேன்.

"கரண்டு மேல ஆசைப்பட்டா வந்தேன்? அந்த லோரியில ஏறாம இருந்தா போதும்லா, தம்பி."

எரியாத விளக்கு

ஒரு பல்பு, இரண்டு வயர், இதுதான் எங்கள் சோதனை விளக்கு. கம்பியில் வைத்து எரியாவிட்டால் கரண்டு இல்லை என்று நம்பிவிடக்கூடாது, பல்பே செத்திருக்கலாம். முதலில் கரண்டு உள்ள இடத்தில் எரிகிறதா பார், அப்புறம் வேலை செய்யும் கம்பியில் வை, திரும்பவும் பழைய இடத்தில் பார் என்று தொண்டை வற்றக் கத்துவேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒருவர், படித்த மனுஷர், முதல் படியைத் தாண்டிவிட்டார். பல்பு போயிருந்தது. கம்பியைத் தொட்டவர் ஏணியோடு சாய்ந்தார். உயிர் தப்பியது, இரண்டு விரல் கருகியது.

ஆறுமுகம் அண்ணன் வேறு பல்பைப் போட்டு, மூன்று படியையும் பிசகில்லாமல் செய்து காட்டினார். எனக்கே ஆச்சரியம்.

"கத்திய நம்ம உள்ளங்கையில தீட்டிப் பாக்காம அடுத்தவன் கழுத்துல வைக்கலாமா, தம்பி?"

டேப் வாங்கப் போனவர்

இன்னொரு விதியும் வைத்திருந்தேன். வேலைக்குமுன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை பையில் இருக்கும்வரை யாரும் தெரியாமல் லைன் கொடுக்க முடியாது. பிடுங்கியவனே வந்து செருக வேண்டும்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, பிரிக்பீல்ட்ஸ் பங்களா ஒன்றுக்கு ஆறுமுகம் அண்ணனைக் கூட்டிப்போனேன். கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார். பாதி வேலையில் டேப் தீர்ந்தது. "முக்குக் கடையில வாங்கிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பியவன் நான்தான். நானே போயிருக்கலாம். என்னிடம் சீட்டு இருந்தது.

அவர் வரவில்லை. விசிறி ஏன் ஓடவில்லை என்று பங்களாவிலிருந்த ஜப்பான் அதிகாரி கத்தினான். கட்டை வைத்திருப்பவர் வராமல் லைன் கொடுக்கமாட்டேன் என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பொழுது சாயும்வரை ஏணியடியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முக்குக் கடைக்காரர் டேப்போடு வந்தார்.

"காசு குடுத்துட்டுத் திரும்புனாருங்க, லோரி வந்து நின்னுச்சு. இதை வாங்கிக்கக்கூட விடல."

மறுநாள் அதே பங்களாவுக்குப் போய் வேறு கட்டை செருகி லைன் கொடுத்தேன். விசிறி ஓடியது.

ரவாங்கிலிருந்து வந்த ஆள்

சண்டை ஓய்ந்து சில மாதம் கழித்து, எலும்பும் தோலுமாக ஒருவர் பட்டறைக்கு வந்தார். ரவாங் தோட்டத்துக்காரர். சயாமில் ஆறுமுகம் அண்ணனோடு ஒரே கொட்டகையில் கிடந்தவராம். துணி முடிச்சை அவிழ்த்து அந்தப் பீங்கான் கட்டையை என் கையில் வைத்தார். ஓரம் உடைந்திருந்தது. அழுதேன்.

"காய்ச்சல்லயும் இதைத்தான் தடவிப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. 'இது என்கிட்ட இருக்கிறவரைக்கும் தம்பி லைன் போடமாட்டாரு, பாவம் காத்துக்கிட்டிருப்பாரு, கொண்டுபோய்க் குடுத்துடு'ன்னு சொல்லிட்டுத்தாண்ணே கண்ண மூடுனாரு."

விதியைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த நான் அதை ஒரு பொழுதுதான் காப்பாற்றினேன், தேர்வே எழுதாத மாணவர் சாகும்வரை காப்பாற்றினார்.