அவள் சொன்ன ‘வாங்கம்மா’

நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஐம்பதுகளின் நடுவில், திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அவள் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவளுக்கு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவள் துறையூர்ப் பக்கம், கடலை பயிரிடுகிற குடும்பம். நான் ஸ்ரீரங்கம், அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நர்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லையென்றால் நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்கு ஊர் தூரம். அறையிலேயே சாயங்காலம் வரை தூங்குவாள்.

எங்கள் இருவரில் உலகத்தைத் திருத்தப் பிறந்தவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. லைப்ரரியிலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து படிப்பேன். மனு எழுதுவேன். கட்டிலுக்குக் கட்டில் திரை வேண்டும். யாரையும் தரையில் பாய் போட்டுப் படுக்கவைக்கக் கூடாது. பிரசவத்துக்கு வந்தவளோடு தாயோ மாமியாரோ ஒருத்தி கூட இருக்க அனுமதி வேண்டும். நோயாளிகளை மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை விட வேண்டும். நர்ஸுகள் கூட்டத்தில் இதையெல்லாம் எழுந்து நின்று படித்தேன். கைதட்டினார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலத்தில் வார்டில் நாங்கள் பேசிய பேச்சை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பட்டுப்புடவையும் வைர மூக்குத்தியுமாக வந்தால் ‘நீங்க’. கிழிசல் சேலையோடு வந்தால் ‘நீ’. வலியில் கத்தினால், “ஏய், வாயை மூடு, இதென்ன சந்தையா?” என்போம். அதற்கும் அடங்காவிட்டால் தொடையில் பளீரென்று ஒன்று விழும். எங்களிலேயே கனமான கை அவளுடையதுதான். கன்னத்தில்கூட அறைந்திருக்கிறாள். நானும் அடித்திருக்கிறேன். மரியாதை பற்றி மனு எழுதிய அதே வாரத்தில்கூட அடித்திருக்கிறேன். அதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சுற்றறிக்கை வந்ததும் எல்லாரும் சேர்ந்து நிறுத்திவிடப்போகிறோம், அதுவரைக்கும் நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

ஒரு நாள் காலை ஜீயபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வாழைத்தோட்டத்தில் கூலி வேலை, இரண்டாவது பிரசவம். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த சீட்டை எடுக்க என் தோழி கையை உயர்த்தினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கன்னங்களைப் பொத்திக்கொண்டாள்.

“கத்தலம்மா. நான் இன்னும் கத்தவே இல்லம்மா.”

தோழி சீட்டை எடுக்காமலே கையை இறக்கினாள். அன்று மத்தியானம் அறையில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“போன பிரசவத்துக்கும் இங்கதான் வந்திருக்கா. நான்தான் அறைஞ்சிருக்கேன். எனக்கு அவ மூஞ்சிகூட ஞாபகமில்லடி. அவளுக்கு என் கை ஞாபகமிருக்கு.”

“எல்லாரும்தான் அடிக்கறோம். சுற்றறிக்கை வரட்டும், மாறிடும்.”

“இனிமே நான் யார்மேலயும் கை வைக்கமாட்டேன். யாரா இருந்தாலும் வாங்க, போங்கதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “நீ ஒருத்தி மாறினா ஆஸ்பத்திரி மாறிடுமா?”

“ஆஸ்பத்திரிய நீ மாத்து. என் கைய நான் பாத்துக்கறேன்.”

ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். உண்மையில் அவளுக்கு அது சுலபமாக இல்லை. ‘ஏய்’ என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “இங்க வாங்கம்மா” என்று முடிப்பாள். கோபம் தலைக்கேறினால் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வருவாள். ஒருமுறை ஒரு பூக்காரியை ‘சனியனே’ என்று திட்டிவிட்டாள். அடுத்த நிமிஷம் கட்டிலருகே போய், “மன்னிச்சுக்குங்க, வாய் தவறிடுச்சு” என்றாள். நர்ஸ் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டதை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்ததில்லை. தலைமை நர்ஸ் கூப்பிட்டுக் கண்டித்தார். நோயாளிகள் தலைமேல் ஏறிக்கொள்வார்களாம். அவள், “சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்து, மறுபடி அப்படியேதான் பேசினாள்.

ஆறேழு மாதத்தில் அது அவளுடைய பேச்சாகவே ஆகிவிட்டது. “வாங்கம்மா, மெதுவா உக்காருங்க. எந்த ஊரு நீங்க?” அதைக் கேட்டதும் வாசலில் தயங்கி நின்ற பெண்ணின் தோள் இறங்குவதை நான் தூரத்திலிருந்து பார்ப்பேன். எனக்கு வயிறு எரியும்.

எரிந்தது என்பதை அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அவள் நடிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்போது தவறுவாள் என்று காத்திருந்தேன். தவறினால் சந்தோஷப்பட்டேன், உடனே அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அந்தச் சந்தோஷமும் போய்விடும். சமயபுரம் போய்வந்தவர்கள் அவளைத் தேடிவந்து குங்குமம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பச்சைக் கடலையும் கத்தரிக்காயும் எங்கள் அறை மூலையில் சேர்ந்தன. அதை வதக்கி எனக்கும் போடுவாள். ருசியாகத்தான் இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது. என் மனுவுக்கு மட்டும் பதிலே வரவில்லை.

ஒரு வைகுண்ட ஏகாதசி. விடிந்து வெயில் ஏறியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நானும் அம்மாவும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“நீங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மாதானே?”

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் அம்மா வேறு. அந்தக் குழந்தை பிறக்கும்போது கால் முன்னால் வந்து, நான் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தது. அதை முதலில் கையில் ஏந்தியது நான்.

“உங்ககூட இருப்பாங்களே, வாங்கம்மான்னு கூப்பிடுவாங்களே, அவங்க வந்திருக்காங்களா? புள்ளைக்கு அவங்க பேருதாங்க வெச்சிருக்கோம்!”

பிரசவத்தன்று என் தோழி செய்ததெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து இவள் நெற்றி வேர்வையைத் துடைத்ததுதான்.

“அவ வரலை,” என்றேன்.

“யாருடி அது?” என்று அம்மா கேட்டாள். “கூட வேலை செய்யறவ,” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தலைமை நர்ஸ் நீண்ட லீவில் போனார். டூட்டி லிஸ்ட் எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் வாரமே தோழியின் பெயரைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டேன். விரிப்பு எண்ணுவது, கத்தரி, ஊசிகளைக் கொதிக்கவைப்பது. அங்கே நோயாளி யாரும் வர மாட்டார்கள்.

“தொடர்ந்து வார்டு பாத்துக் களைச்சுப்போயிருப்ப. கொஞ்ச நாள் உக்காந்து வேலை பாரு,” என்றேன்.

அவள் லிஸ்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரிடி.”

கொஞ்ச நாள் என்றது ஐந்து மாதமானது.

அவள் இல்லாவிட்டால் வார்டு பழையபடி ஆகிவிடும், அவள் செய்ததெல்லாம் ஒரு ஆளின் பழக்கம்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நினைத்தவள் நான், மரியாதைக்காக மனு எழுதியவள்! ஆனால் இரண்டாவது வாரம் வார்டு ஆயா, வாசலில் நின்ற ஒரு கர்ப்பிணியை, “வாங்கம்மா, பாத்து, படி இருக்கு” என்று கையைப் பிடித்து அழைத்துவருவதைப் பார்த்தேன். இந்த ஆயாவின் வாய்க்குப் பயந்து பிரசவ வலியை அடக்கியவர்கள் உண்டு.

“யாரு சொல்லிக்குடுத்தா இப்படிப் பேச?” என்று கேட்டேன்.

ஆயா என்னை விநோதமாகப் பார்த்தாள். “யாரு சொல்லிக்குடுக்கணும்? அந்த சிஸ்டர் மூணு வருசமா என்னையே வாங்க, உக்காருங்கன்னுதான் கூப்பிடுது. என்னைய மரியாதையா கூப்பிடற எடத்துல நான் எப்படி இன்னொருத்திய வாடின்னு கூப்பிடறது?”

தோழி ஆயாவை அப்படிக் கூப்பிட்டதை நான் கவனித்ததே இல்லை. நோயாளிகளிடம் பேசுவதைத்தான் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். விசாரித்தால் எடுபிடி ஆட்கள், வண்டி தள்ளுகிறவர், எல்லாருமே பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்கள். துணி அறையைப் போய்ப் பார்த்தேன். எந்நாளும் சொன்ன நாளுக்கு வராத சலவைக்காரர் வெளுத்த விரிப்புகளைக் கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார். “வெச்சுட்டுத் தண்ணி குடிங்க,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். நல்ல முடிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் உள்ளே அடைபட்டிருக்கும்போதே அவள் இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து அவளைவிடக் குழைந்து பேச ஆரம்பித்தேன். “வாங்கம்மா, வாங்க.” என் குரல் எனக்கே கூசியது. கை கொடுத்தேன், வேர்வை துடைத்தேன். ஒருத்தி வலியில் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, குழந்தை பிறந்ததும் என் பெயரைக் கேட்டாள். குவார்ட்டர்ஸுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன், அந்த நகக்குறி மறைவதற்குள் தோழி பார்க்க வேண்டுமே என்று. அவள் பார்த்துவிட்டு, “தேங்காயெண்ணெய் தடவு” என்றாள்.

பொய்யாகத்தான் தொடங்கினேன். ஆனால் ‘நீங்க’ என்று சொன்ன பிறகு அந்தப் பெண்ணை அறையக் கை எழவில்லை. கோபம் வரும், எங்கே போவது என்று தெரியாமல் எனக்குள்ளேயே சுற்றும். நானும் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். சில மாதம் கழித்து, யாரும் பார்க்காத ஒரு மத்தியானம், மயக்கத்தில் கிடந்த ஒருத்தியிடம், “கொஞ்சம் திரும்பிப் படுங்கம்மா” என்று நான் சொல்வது என் காதில் விழுந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது, ஜெயித்துக் காட்ட அங்கே தோழியும் இல்லை. அன்று நான் மகிழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் வாய்க்குள்ளும் தோழியே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தலைமை நர்ஸ் திரும்பி வந்ததும் தோழி வார்டுக்குத் திரும்பினாள். அதற்கு அடுத்த வருஷம் என் சுற்றறிக்கையும் வந்தது. சுவரில் ஒட்டினார்கள். அதில் தடுக்கச் சொன்னவை அதற்குள் பெரும்பாலும் நின்றுபோயிருந்தன. ஆண்டு விழாவில் டாக்டரம்மா பேசும்போது, வெளியூரிலிருந்தெல்லாம் நம் ஆஸ்பத்திரியைத் தேடி வருகிறார்கள், காரணம் இங்குள்ள மரியாதை, அதற்கு விதை போட்டது ஒரு மனு என்று சொல்லி, என்னை மேடைக்கு அழைத்து ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தார். மைக்கை என் முன்னால் நகர்த்தினார்கள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். “ரொம்ப நன்றி,” என்று மட்டும் சொன்னேன். கடைசி வரிசையில் அவள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்குக் கொஞ்சம்கூட எரியாதா என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அவள் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், துறையூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டி கட்டிய அன்று அவள் புடவைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“துணி அறைல உன்னை வேணும்னேதான் போட்டேன்.”

“தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா சண்டை வரும். என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா? அஞ்சு மாசமும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் விரிப்பு மடிச்சேன், வாய்க்குள்ளயே. அந்த வார்த்தையெல்லாம் கேட்டிருந்தா நீ செத்திருப்ப.”

“விழாவுல அப்படிக் கை தட்டினியே?”

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டை அழுத்தினாள். “தட்டினேன். ரூமுக்கு வந்து அழுதேன். அந்தச் சிமிழ் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சுடி.”

அவள் அழுதாள் என்றதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் ஏழெட்டு வருஷத்தில் அன்றுதான் அவளை முதல்முறையாகக் கட்டிக்கொண்டேன். சிமிழை அவள் பையில் வைத்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். புதிதாக வரும் பெண்களிடம், முதலில் ஆயாவை ‘வாங்க’ என்று கூப்பிடுங்கள் என்பேன். இது என் யோசனை என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை என்று சொல்லிவிடுவேன், சில நாள் கொஞ்சம் தாமதமாக. ஒருமுறை துறையூர்ப் பக்கத்திலிருந்து சிக்கலான கேஸ் என்று ஒரு பெண்ணை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நல்லபடியாகப் பிறந்து, போகும் நாளில் அவள் கும்பிட்டாள்.

“எங்க ஊரு ஆஸ்பத்திரிலயும் இப்படித்தாங்க மரியாதையா பேசுவாங்க.”

“எங்களைவிட நல்லாவா?” என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆயா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.