வாட்டம் விட்ட தரை

எங்கள் டவுன் தியேட்டரில் கடைசிப் படம் ஓடியபோது அதுதான் கடைசிப் படம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு, ஒப்பரேட்டருக்குக் காய்ச்சலாக்கும் என்று சொல்லிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்களாம். அந்தக் காய்ச்சல் குணமாகவேயில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அந்தக் கட்டடத்தின் வரலாறு ஒரு பட்டியலாகத்தான் என் மனதில் இருந்தது. முதலில் படம், பிறகு கலியாண மண்டபம், பிறகு உருளைக்கிழங்கு மூட்டை, பிறகு எலி. எலிகளுக்குப் பிறகு வந்தது ஸ்கேட்டிங்.

அப்போது நான் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். தியேட்டரைக் கட்டியவரின் மகன் ஹாஜியார்தான் அதற்கு முதலாளி. டவுனில் துணிக்கடையும் வைத்திருந்தார். நுவரெலியாவுக்கு சீசன் பார்க்க வரும் கூட்டம் எங்கள் டவுனைத் தாண்டித்தான் போகும். ஆனால் பிளேன்டீ குடிக்கக்கூட யாரும் இறங்குவதில்லை. அவர்களை இறங்க வைக்க வேண்டும் என்பது ஹாஜியாரின் நெடுநாள் ஆசை. கொழும்பில் எங்கோ அடியில் சக்கரம்போலச் சில்லு வைத்த சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் மண்டபத்தைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாளே எலிகளுக்குப் பொறி வைக்கச் சொன்னார்.

இந்த வேலையில் எங்கள் குடும்பம் இரண்டு பக்கமாக மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் மாமா.

அப்பா தோட்டத்து மேசன். மழைத் தண்ணீர்க் கான் கட்டுவது, லயத்துச் சுவர் பூசுவது, படிக்கட்டு திருத்துவது என்று இருந்தவர். தியேட்டர்களில் தரை திரையை நோக்கிச் சரிந்திருக்கும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலை மறைக்கக் கூடாதல்லவா. அந்தச் சரிவை நிரப்பிச் சமப்படுத்தி, மேலே கொங்கிரீட் போட்டு வழவழப்பாகத் தேய்த்துத் தர வேண்டும் என்று ஹாஜியார் கேட்டார். தரை சரியாக வந்தால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் கட்டவிருந்த மூன்று மாடிக் கடையும் அப்பாவுக்குத்தான். அதை நம்பி அப்பா தோட்டத்து வேலையை விட்டார். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் லயத்து அறை பறிபோகவில்லை. ஆனால் விட்ட வேலை திரும்பக் கிடைக்காது என்பது எனக்குக்கூடத் தெரியும். அம்மா அதைச் சோறு போடும்போதெல்லாம் சொன்னாள்.

மாமா, அம்மாவின் தம்பி. தியேட்டர் ஓடிய காலத்தில் டோர்ச் அடித்து இடம் காட்டியவர். மூடிய பிறகு கொழும்புக்குப் போய், விளையாட்டுச் சாமான் விற்கும் கடையொன்றில் இருந்தார். ஸ்கேட்டிங் பழக்க ஒரு மாஸ்டர் வேண்டும் என்று ஹாஜியார் தேடுகிறார் என்றதும் ஊருக்கு வந்து, தனக்கு அது தண்ணி பட்ட பாடு என்று சொல்லி வேலையை வாங்கிவிட்டார். அந்தக் கடையில் அவர் சப்பாத்துப் பெட்டிகளைத் தட்டில் அடுக்கியிருக்கிறார். அவருக்கும் ஸ்கேட்டிங்குக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. தண்ணீர் வடிந்து போவதற்காகத் தரையில் விடும் லேசான சரிவுக்கு மேசன்மார் வாட்டம் என்று பெயர் சொல்வார்கள். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் மலையில், வாட்டம் இல்லாத தரை தரையே இல்லை என்பது அப்பாவின் கட்சி. கோயில் மண்டபத்துக்கும் வாட்டம் விடுவார், கக்கூசுக்கும் வாட்டம் விடுவார். ஃபெக்டரியில் கொழுந்தை வாட்டுகிறார்கள், மச்சான் தரையை வாட்டுகிறார் என்று மாமா கேலி செய்வார். தியேட்டரின் தகரக் கூரையோ பல இடங்களில் ஒழுகியது. ஸ்கேட்டிங் என்றால் பெட்மின்டன் மாதிரி ஏதோ ஒரு விளையாட்டு என்று எண்ணியிருந்த அப்பா, டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, திரைப் பக்கத்துக் கதவை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டத்தை விட்டார். மழைத் தண்ணீர் தேங்காமல் அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடும். சப்பாத்து எதையும் அவர் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அது திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது.

அன்று சனிக்கிழமை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன சாக்கில் நான் அங்கே இருந்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பெட்டி பெட்டியாகச் சப்பாத்து. ஒவ்வொன்றிலும் நான்கு சில்லு. புது ரப்பர் வாசனை. என் காலுக்குச் சரியான ஒரு சோடியை மாமா தேடி எடுத்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, என்னைத் தரையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அசையாமல் நில் என்றார். நான் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் திரை இருந்த சுவர் மெல்ல என்னை நோக்கி வர ஆரம்பித்தது.

"மாமா, இது தானாப் போகுது!" என்று கத்தினேன். சப்பாத்துக்குள் எஞ்சின் இருப்பதாகவே நினைத்தேன். சுவரில் மோதி, விழுந்து, எழுந்து, மறுபடி விடச் சொல்லி மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். மாமா நகரவில்லை. அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்டம் விட்டீங்களா மச்சான்?"

"விடாம?" என்றார் அப்பா. பிறகு என் காலிலிருந்த சில்லுகளைப் பார்த்தார். அப்படியே குந்திவிட்டார். ஒழுகுற கூரைக்குக் கீழே வாட்டம் இல்லாமல் எந்த மடையன் தரை போடுவான் என்று தரையிடமே கேட்டார். உடைத்து மறுபடி போட ஒரு வாரமாவது வேண்டும். திறப்பு விழாவோ விடிந்தால்.

எனக்கு அவர்களுடைய முகம் புரியவில்லை. உலகத்திலேயே தானாக ஓடும் தரை எங்கள் அப்பா போட்டதுதான். அதற்கு ஏன் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும்?

மாமா ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து தாடையைச் சொறிந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"மச்சான், தரை மட்டமா இருந்தா நான் மாட்டிக்குவேன். வாட்டமா இருந்தா நீங்க மாட்டிக்குவீங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டா யாரு மாட்டுறது?"

"போடா, கோமாளி," என்றார் அப்பா.

ஆனால் மாமா வேலையை ஆரம்பித்துவிட்டார். கீழிருந்து கழற்றிப் பல்கனியில் போட்டிருந்த பழைய சீட் மெத்தைகளை நானும் அவருமாக இழுத்து வந்து, திரைச் சுவரோரம் அடுக்கினோம். மேலே ஏறி வருவதற்குப் பிடித்துக்கொள்ள, பக்கச் சுவர் நெடுக ஒரு கயிறு கட்டினோம். வெளிநாடுகளில் பழகுகிறவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் என்று ஹாஜியாரிடம் சொல்லப்போவதை என்னிடம் ஒத்திகை பார்த்தார். அப்பா கடைசியில் எழுந்து வந்து கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார். தளர்ந்த முடிச்சை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருந்தது. திறப்பு விழாவில் மாஸ்டர் சப்பாத்தோடு எல்லோர் முன்னிலையிலும் நிற்க வேண்டும். பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் அவர் தானாகப் போய்ச் சுவரில் மோதிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் மாமாவிடம் வழி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தியேட்டர் மறுபடியும் நிறைந்தது. படம் ஓடிய காலத்தில் மலிவான கலரியில் உட்கார்ந்து விசிலடித்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அம்மா லயத்துப் பெண்களோடு பல்கனியில் முதல் வரிசையைப் பிடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் பல்கனிக்கு டிக்கட் எடுக்க வழியில்லாதவர்கள், இன்றைக்காவது உட்காருவோம் என்று சத்தமாகவே சொல்லிச் சிரித்தார்கள். ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு விருந்தாளிகளை வரவேற்றார். பள்ளிவாசலிலிருந்து வந்தவர் துஆ ஓதினார். அது முடிந்ததும் மாமா சிவப்புச் சப்பாத்தோடு, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தார்.

"முதலாளி, ஒரு விசயம். சில்லு இருக்குங்களே. தேசிக்கா வைக்காம எப்படி எடுக்கிறது?"

எங்கள் பக்கத்தில் புது லொறி எடுத்தால், வான் எடுத்தால், சில்லுக்கு முன்னால் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டுதான் முதல் பயணம். கூட்டம் உடனே ஒப்புக்கொண்டது. எத்தனை தேசிக்காய் என்பதில்தான் தகராறு. சப்பாத்துக்கு ஒன்று போதும் என்றார் கோயில் பூசாரி. லொறிக்கே நாலு வைக்கிறோம், இதில் எட்டுச் சில்லு இருக்கிறதே என்றார் ஒரு டிரைவர். "வெச்சிக்கோங்கோ, வெச்சிக்கோங்கோ," என்று ஹாஜியார் சிரித்தபடி கையை ஆட்டினார். கடைசியில் சப்பாத்துக்கு ஒரு தேசிக்காய் என்று முடிவாகி, முன் சில்லுகளுக்கு முட்டாக வைத்தார்கள். மாமா தோள்களை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். அசையவில்லை. விருந்தாளி ஒருவர் எழுந்து விளையாட்டின் நன்மைகளைப் பற்றிப் பேசினார். அப்பா சுவரோரம் நின்று அந்த இரண்டு தேசிக்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன்.

கை தட்டினார்கள். மாமா உடம்பை முன்னால் சாய்த்தார். லொறிச் சில்லு நசுக்குவதுபோல அந்தச் சின்னச் சில்லு தேசிக்காயை நசுக்குமா? ஒன்று பாதி பிதுங்கி அங்கேயே கிடந்தது. மற்றது துள்ளி வெளியே விழுந்து, திரையை நோக்கி உருள ஆரம்பித்தது. அதன் பின்னால் மாமா.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, ஒரு காலைக்கூட அசைக்காமல் மாமா போனார். பல்கனியிலிருந்து விசில் பறந்தது. கதாநாயகன் முதல் தடவை திரையில் தோன்றும்போது அடிக்கும் விசில் அது. எத்தனையோ வருஷமாக அந்தக் கூரைக்குள் கேட்காதது. மாமா மெத்தையில் மோதி, உருண்டு, எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எப்புடி காலே அசைக்காமப் போறீங்க?" என்று விருந்தாளி கேட்டார்.

"அசைச்சாப் பழகுறவன் சேர். அசைக்காட்டித்தான் மாஸ்டர்."

அடுத்தது நான். அதை இன்றைக்கும் என் முழங்கால்கள் நினைவில் வைத்திருக்கின்றன. படம் காட்டும் ஓட்டையிலிருந்து பாட்டு கேட்டது. காற்று என் பின்னலைத் தூக்கியது. முன்னால் அந்தப் பெரிய வெள்ளைச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. படத்துக்கு உள்ளேயே போகிறேன் என்று நினைத்தேன். மெத்தையிலிருந்து எழுந்ததும் கயிற்றைப் பிடித்து மேலே ஓடினேன். அதற்குள் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கால் அசைக்கத் தெரியாத ஒரு டவுன் முழுவதும் அன்று ஸ்கேட்டிங் போனது. அம்மாவும் போனாள், கண்ணை மூடிக்கொண்டு, என் மாமாவைத் திட்டிக்கொண்டே.

மதியம் மழை பிடித்தது. கூரை வழக்கம்போல ஒழுகியது. பிள்ளைகளை ஓரமாக நிறுத்தினார்கள். சொட்டிய தண்ணீர் சேர்ந்து, மெல்லிய கோடாகி, திரைப் பக்கத்துக் கதவைத் தேடிப்போய் வெளியே இறங்கியது. எங்கும் ஒரு கை அளவுகூடத் தேங்கவில்லை. ஹாஜியார் அந்தக் கோட்டின் பின்னாலேயே நடந்தார். மெத்தையோரத்தில் காலையில் உருண்டுபோன தேசிக்காய் கிடந்தது. அதை எடுத்தார். திரும்பி மேலே நடந்து வந்து, யாருக்கோ சப்பாத்துக் கயிறு கட்டுகிறவர்போலக் குனிந்து அதைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, உருண்டது. ஹாஜியார் இரண்டு எட்டில் அதைப் பிடித்து நிமிர்ந்தார். அப்பாவை நேராகப் பார்த்தார்.

அப்பா என் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தார். ஏதோ சொல்லத்தான் போனார்.

அதற்குள் விருந்தாளி பக்கத்தில் வந்து, "என்ன ஹாஜியார், தரையைப் பார்க்கிறீங்க?" என்றார்.

ஹாஜியார் தேசிக்காயைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தண்ணி நிக்கல்ல, பாத்தீங்களா? அதத்தான் பாத்தேன்," என்றார் அவரிடம். பிறகு அப்பாவிடம், மேசன்மாரைக் கூப்பிடும் வழக்கப்படி, "பாஸ், செவ்வாக்கிழம கட எடத்துக்கு வாங்க. அத்திவாரம் எங்க வாறண்டு பேசோணும். அங்க மூணு தட்டு ஈக்குது. வாட்டம் மொட்ட மாடிக்கு மட்டும் போதும்."

அப்பா ஓரமாகக் கிடந்த மட்ட டியூப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

இன்று கட்டடங்களின் மட்டம் பார்ப்பதுதான் என் வேலை. தரையில் சிவப்புக் கோடு போடும் லேசர் கருவி என் பையில் இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது ஒரு பணக்கார முதலாளி, சாமிக்கு வைத்த தேசிக்காயைக்கூட விட மனமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை. லயத்துக்கு ஏறும் வழி முழுவதும் அதைச் சொல்லி அம்மாவையும் மாமாவையும் சிரிக்க வைத்தேன். கஞ்சர் ஹாஜியார், கஞ்சர் ஹாஜியார் என்று ஒரு பாட்டுக்கூடக் கட்டினேன்.

முன்னால் நடந்துகொண்டிருந்த அப்பா நின்று திரும்பினார். தோளில் டியூப் சுருண்டு கிடந்தது.

"அப்படிச் சொல்லாத பாப்பா," என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சர்பத் போடத்தான் எடுத்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.